நான்கு டயோட்டும் ஒரு டைனமோவும்
இலத்திரனியல்: தொடக்கநிலைப் பாடம்



1996 செப்ரெம்பர் இறுதியில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானது. அதனைத் தொடர்ந்து ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் வீதியோரமெங்கும் காட்டோரமெங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குச் சென்று, பின்னர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தவர்களும் அங்கே இருந்தனர். கிளிநொச்சியிலேயே பிறந்து வளர்ந்து முதற் தடவையாக இடம்பெயர்ந்தவர்களும் இருந்தனர். எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு. ஒன்று இரவின் இருட்டு. மற்றது, நாளைக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி.

இருட்டுக்கு ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு பஞ்சுத் திரி, ஒரு வெற்றுப் போத்தல், அவ்வளவுதான். கேள்விக்கு விடை வானொலியில்தான் வரும். ஆனால் வானொலிக்கு பற்றறி வேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ரோச் பற்றறியும் ஒன்று. இருந்த பழைய பற்றறிகளை வெயிலிற் காயவைத்து, இன்னும் கொஞ்சநேரம் பாடுமா என்று பார்த்தோம். பாடும், சிறிது நேரத்தில் முனகி ஓய்ந்துவிடும்.

அப்போதுதான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலியைப் பாடவைக்கும் வழி வன்னியெங்கும் பரவியது. ஒருவர் சுற்ற, பத்துப்பேர் சுற்றியிருந்து பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். எந்தப் பாதை மூடப்பட்டது, எங்கே சண்டை, எந்த ஊர்ச்சனம் எழும்பிவிட்டது என்பனவெல்லாம் அந்தச் சில்லின் சுழற்சியிலேதான் தெரியவந்தன.

அந்தச் சிறிய அமைப்பை அன்று செய்தவர்களிற் பெரும்பாலானோர் பொறியியல் படித்தவர்கள் அல்லர். ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் அறிந்திருந்தனர். அதனையே இப்பாடத்தில் நாம் கற்கப் போகிறோம். இலத்திரனியலுக்கு இதைவிட எளிதான வாசல் இல்லை. டைனமோ வானொலி ஒன்றை விளங்கிக்கொண்டவர், கைத்தொலைபேசிச் சார்ஜரையும் சூரிய விளக்கையும் பயமின்றித் திறந்து பார்க்கக் கூடியவராவார்.

1. குளமும் வாய்க்காலும்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே நமக்குத் தெரிந்த ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தையோ அக்கராயன் குளத்தையோ மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

குளத்தில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு வேகத்துடன் அது வாய்க்காலுக்குள் தள்ளப்படும். மின்சாரத்தில் இந்தத் தள்ளும் வலுவை வோல்ற் என்ற அலகால் அளக்கிறோம். வாய்க்காலில் ஒரு நொடியில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைப் போன்றது மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். வாய்க்கால் ஒடுங்கியதா, புல் மண்டியதா என்பதைப் போன்றது தடை. அதன் அலகு ஓம்.

இம்மூன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பை 1827 இல் ஜோர்ஜ் ஓம் என்ற ஜேர்மன் ஆசிரியர் வெளியிட்டார். அது மிக எளிய கணக்கு:

வோல்ற் = அம்பியர் × ஓம்

தள்ளும் வலு கூடினால் ஓட்டம் கூடும். தடை கூடினால் ஓட்டம் குறையும். இதற்கு மேல் இன்னொரு கணக்கு மாத்திரம் போதும். வோல்ற்றை அம்பியராற் பெருக்கினால் வருவது வலு. அதன் அலகு வாற்.

சைக்கிள் டைனமோவின் உடலைப் பாருங்கள். பெரும்பாலும் 6 வோல்ற், 3 வாற் என்று பொறிக்கப்பட்டிருக்கும். 3 ஐ 6 ஆல் வகுத்தால் 0.5. ஆகவே அது தரக்கூடிய ஓட்டம் அரை அம்பியர். அதன் முன்விளக்கு எரியும்போது அதன் தடை 6 ஐ 0.5 ஆல் வகுக்க வரும் 12 ஓம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்குத்தான் இது. இதையே பெரிய பொறியியலாளர்களும் ஒவ்வொரு நாளும் செய்கின்றனர்.

ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. வாய்க்காலை வெட்டினால் நீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டாது, நின்றுவிடும். அது புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரப் பாதை இருந்தால்தான் ஓடும். இப்படி முழுவதும் சுற்றிவரும் பாதைக்கே மின்சுற்று என்று பெயர். வானொலி பாடவில்லை என்றால், பத்தில் பல தடவை இந்தச் சுற்று எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது என்பதே காரணமாக இருக்கும்.

2. டைனமோ தருவதும் வானொலி கேட்பதும்

டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. அதனைச் சூழ்ந்து செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தம் சுழல, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இந்த உண்மையை 1831 இல் கண்டவர் இங்கிலாந்தின் மைக்கல் பரடே. இவர் ஒரு கொல்லரின் மகன். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியபோது, கட்டவந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றவர்.

காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிச் சுருளைக் கடப்பதால், டைனமோவின் மின்னோட்டமும் ஒருமுறை முன்னாலும் மறுமுறை பின்னாலும் ஓடும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடக்கும். இதற்கு ஆடலோட்டம் என்று பெயர். பற்றறியின் ஓட்டமோ எப்போதும் ஒரே திசையில் ஓடும். அது நேரோட்டம்.

மின்குமிழுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தப் பக்கம் ஓடினாலும் அதன் இழை சூடாகி ஒளிரும். வானொலி அப்படியல்ல. அது நேரோட்டத்திற்கென்றே அமைக்கப்பட்டது. டைனமோவின் இரு கம்பிகளையும் நேரே வானொலியிற் கொடுத்தால் அது பாடாது, பழுதடைந்தும் போகலாம். ஆகவே டைனமோவுக்கும் வானொலிக்கும் இடையில் நான்கு வேலைகள் நடைபெற வேண்டும். ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். அதன் துள்ளலை அடக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சாமற் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக நடக்கிறதா என்று நமக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உறுப்பு உண்டு.

3. உறுப்புகள் ஒவ்வொன்றாக

டயோட். பாடநூல்கள் இதனை இருவாயி என்று அழைக்கும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் படலை போன்றது. ஒரு திசையில் ஓட்டத்தை விடும், மறுதிசையில் விடாது. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு உருளை. ஒரு முனையில் வெள்ளிக்கோடு இருக்கும். கோடில்லாத முனையால் ஓட்டம் உள்ளே வரும், கோடுள்ள முனையால் வெளியேறும். நமக்கு வேண்டியது 1 என் 4007 என்ற இலக்கமுடையது. இது 1 அம்பியர் வரை தாங்கும். நமது டைனமோ தருவது அரை அம்பியர்தான். ஓட்டம் டயோட்டைக் கடக்கும்போது ஏறத்தாழ 0.7 வோல்ற் குறையும். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னர் உதவும்.

கொண்டென்சர். பாடநூற் பெயர் கொள்ளளவி. கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்த நீர் தொட்டியில் நிறைந்து, தொட்டியின் குழாயால் சீராக ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கொண்டென்சர் அந்தத் தொட்டி. டயோட்டுகளைக் கடந்து துள்ளித் துள்ளி வரும் ஓட்டத்தைத் தேக்கிச் சீராக வெளிவிடும். நமக்கு 1000 மைக்ரோபரட், 35 வோல்ற் என்று எழுதிய ஒன்று வேண்டும். இதற்கு நேர், மறை முனைகள் உண்டு. புதிதாக இருந்தால் நீளமான கால் நேர். உடலிற் கோடுபோட்ட பக்கம் மறை. மாறித் தொடுத்தால் சூடாகி வெடிக்கும்.

ஒழுங்காக்கி. கடையில் ரெகுலேற்றர் என்று கேளுங்கள். இலக்கம் 7805. மூன்று கால்களும் முதுகில் துளையிட்ட உலோகத் தகடும் உடையது. துருசடியில் நிற்கும் காவலாளியைப் போன்றது. குளத்தில் நீர் கூடினாலும் வாய்க்காலுக்கு வேண்டிய அளவு மாத்திரமே விடும். உள்ளே 7 வோல்ற் வந்தாலும் 20 வோல்ற் வந்தாலும் வெளியே 5 வோல்ற்றைத் தரும். மிகுதி வெப்பமாகப் போகும். அதனால்தான் அந்தத் தகடு. எழுத்துள்ள பக்கத்தை உங்களை நோக்கி, கால்களைக் கீழ்நோக்கிப் பிடித்தால், இடக்கால் உள்வழி, நடுக்கால் மறை, வலக்கால் வெளிவழி.

தடையி. கடையில் ரெசிஸ்ரர். ஒடுக்கமான வாய்க்கால். ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதே இதன் வேலை. இதன் உடலில் எண்ணுக்குப் பதிலாக நிறக்கோடுகள் இருக்கும். கறுப்பு 0, மண்ணிறம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு கோடுள்ள தடையியில் முதலிரு கோடுகளும் எண்கள், மூன்றாவது எத்தனை பூச்சியம் என்பது. சிவப்பு, சிவப்பு, மண்ணிறம் என்றால் 2, 2, அதன்பின் ஒரு பூச்சியம். அதாவது 220 ஓம். கடைசியிலுள்ள பொன்னிறக் கோடு, அந்த அளவு நூற்றுக்கு 5 கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பதைக் குறிக்கும்.

எல்ஈடி. ஒளிகாலும் இருவாயி என்பது பாடநூற் பெயர். இதுவும் டயோட்தான், ஓட்டம் போகும்போது ஒளிரும். நீளமான கால் நேர். சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ 2 வோல்ற் போதும். நமது ஒழுங்காக்கி தருவது 5. மிகுதி 3 வோல்ற்றையும் ஒரு தடையி ஏற்க வேண்டும். 3 ஐ 220 ஆல் வகுத்தால் 0.014 அம்பியர் அளவில் வரும். எல்ஈடி பழுதடையாமல் நன்கு ஒளிர அது போதும். இப்போது ஓமின் கணக்கைக் கொண்டு நீங்களே ஓர் உறுப்பைத் தெரிந்துவிட்டீர்கள்!

திரான்சிஸ்ரர். இதனை நாம் இன்று தொடுக்கப் போவதில்லை. ஆயினும் வானொலிக்குள்ளே உண்மையான வேலையைச் செய்வது இதுவே. 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இது முதன்முதல் இயங்கியது. இதற்கும் மூன்று கால்கள். பெரிய துருசை ஒரு சிறுபிள்ளை சக்கரத்தைத் திருப்பித் திறப்பதைப் போல, ஒரு காலில் வரும் மிகச்சிறிய ஓட்டம், மற்ற இரு கால்களுக்கிடையே ஓடும் பெரிய ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். காற்றில் வரும் நலிந்த வானலை, பத்துப்பேர் கேட்கும் குரலாக மாறுவது இவ்வாறுதான்.

4. தொடுக்கும் முறை

முதலில் நான்கு டயோட்டுகளையும் எடுங்கள். இரண்டின் வெள்ளிக்கோட்டு முனைகளை ஒன்றாக முறுக்குங்கள். அந்த இடம் நேர். மற்ற இரண்டின் கோடில்லாத முனைகளை ஒன்றாக முறுக்குங்கள். அந்த இடம் மறை. இப்போது நான்கு முனைகள் மிஞ்சும்: முதற் சோடியில் இரண்டு கோடில்லாதவை, இரண்டாம் சோடியில் இரண்டு கோடுள்ளவை. முதற் சோடியின் ஒரு முனையை இரண்டாம் சோடியின் ஒரு முனையுடன் முறுக்குங்கள். எஞ்சிய இரண்டையும் அவ்வாறே முறுக்குங்கள். இந்த இரண்டு புதிய சந்திகளுக்கும் டைனமோவின் இரு கம்பிகளும் வரும்.

இந்த நான்கு டயோட் அமைப்பைப் பாலச் சீராக்கி என்பர். டைனமோவின் ஓட்டம் எந்தப் பக்கத்தால் வந்தாலும், இரண்டு படலைகள் திறந்து மற்ற இரண்டும் மூடிக்கொள்ளும். வெளியே வரும் ஓட்டம் எப்போதும் ஒரே திசையிற்றான் இருக்கும்.

டைனமோவின் ஒரு கம்பி அதன் அடியிலுள்ள முனையிலிருந்து வரும். மற்றது அதன் உடல்தான். அது சைக்கிள் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டாவது கம்பியைச் சட்டத்தில், பெயின்றைச் சுரண்டிய இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ஆனால் பாலத்தின் மறை முனையோ வானொலியின் மறைக் கம்பியோ சைக்கிள் சட்டத்தில் ஒருபோதும் படக்கூடாது. பட்டால் ஒரு டயோட்டின் வழியாக டைனமோ குறுக்குச்சுற்றாகி, வானொலி கரகரக்கும் அல்லது நின்றுவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்து, கொண்டென்சரின் நேர்க் காலைப் பாலத்தின் நேரிலும், மறைக் காலை மறையிலும் தொடுங்கள். பின்னர் பாலத்தின் நேரிலிருந்து ஒழுங்காக்கியின் இடக்காலுக்கு ஒரு கம்பி. மறையிலிருந்து நடுக்காலுக்கு ஒரு கம்பி. வலக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் 220 ஓம் தடையியும் எல்ஈடியும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். எல்ஈடியின் நீளமான கால் வலக்காலின் பக்கம்.

நான்கு பற்றறி போடும் வானொலிக்கு 6 வோல்ற் வேண்டும் என்றாலும், 5 வோல்ற்றில் அது பெரும்பாலும் நன்றாகவே பாடும். வலக்காலை வானொலியின் நேருக்கும், நடுக்காலை மறைக்கும் கொடுங்கள். இரண்டு பற்றறி போடும் சிறிய வானொலிக்கு 3 வோல்ற்தான் வேண்டும். அதற்கு மேலே சொன்ன 0.7 கைகொடுக்கும். வலக்காலுக்கும் வானொலிக்கும் இடையில் மூன்று 1 என் 4007 டயோட்டுகளை, கோட்டு முனை வானொலியைப் பார்க்க, வரிசையாகப் போடுங்கள். மூன்று தடவை 0.7 என்றால் 2.1. ஐந்திலிருந்து 2.1 போக மிஞ்சுவது 2.9 வோல்ற். வேலை முடிந்தது.

வானொலியைத் தொடுக்க முன் அதனுள் இருக்கும் பற்றறிகளைக் கழற்றிவிடுங்கள். பற்றறிப் பெட்டியின் வாயில் நேர், மறை அடையாளத்தை இருமுறை பாருங்கள்.

5. முன்விளக்கை ஏன் கழற்றக்கூடாது

இந்த அமைப்பில் சைக்கிளின் முன்விளக்கும் டைனமோவுடன் தொடுக்கப்பட்டபடியே இருக்க வேண்டும். இதனை நாங்கள் நட்டப்பட்டே கற்றோம்.

அப்போது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். எங்கள் கொட்டில் வரிசையில் ஒரேயொரு வானொலிதான் இருந்தது. அது அயற்கொட்டிலில் இருந்த வயோதிபர் ஒருவருடையது. ஒழுங்காக்கி ஒன்று அகப்படாத காலம் அது. நான்கு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் மாத்திரமே இருந்தன. பின்னேரங்களில் பெடல் சுற்றுவது எங்கள் வேலை. ஒரு நாள் சத்தம் குறைவாக இருந்தது. "லைற்தான் கறன்ரைக் குடிக்குது" என்று எங்களில் ஒருவர் கூற, விளக்கைக் கழற்றினோம். உண்மையிலேயே சத்தம் கூடியது. உற்சாகத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினோம். டப் என்று ஒரு சத்தம். கருகல் மணம். அதன்பின் மௌனம்.

நடந்தது இதுதான். பாரமில்லாத வண்டியை மாடுகள் இழுத்துக்கொண்டு ஓடுவதைப் போல, சுமையில்லாத டைனமோவின் வோல்ற்றளவு வேகத்துடன் ஏறிக்கொண்டே போகும். 6 என்று எழுதியிருந்தாலும் அது 20 ஐயும் தாண்டும். விளக்கு எரியும்போது அரை அம்பியர் ஓட்டத்தை எடுத்து அந்த ஏற்றத்தை அடக்கி வைத்திருக்கிறது. கறன்ரைக் குடிக்கிறது என்று நாங்கள் குறைகூறிய அந்த விளக்குத்தான் வானொலியைக் காத்துக்கொண்டிருந்தது.

அந்த வரிசையில் இருந்தவர்களுக்குப் பல நாட்கள் செய்தி இல்லை. சண்டை எங்கே நடக்கிறது என்று தெரியாமல், ஷெல் சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணித்துக்கொண்டு படுத்த நாட்கள் அவை. அந்த வயோதிபர் எங்களை ஏசவில்லை. "பரவாயில்லை தம்பியள். ஆனா ஏன் எரிஞ்சதெண்டு தெரிஞ்சுகொண்டு இனிக் கைவையுங்கோ" என்று மட்டும் கூறினார். சந்தியில் வானொலி திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனோம். பழைய வானொலி ஒன்றிலிருந்து உறுப்புக் கழற்றிப் போட்டுத் திருத்தித் தந்தார். திருத்தும்போது ஒவ்வொன்றாகக் காட்டியும் தந்தார். இக்கட்டுரையின் பெரும்பகுதி அன்று அந்த மேசையடியிற் கற்றதே.

இன்று 7805 இருப்பதால் வானொலிக்கு ஓரளவு காவல் உண்டு. ஆயினும் அந்தக் காவலாளிக்கும் 35 வோல்ற் வரையே தாங்கும். ஆகவே விளக்கு இருக்கட்டும்.

6. பழுது தேடுதல்

பழுது தேடுபவர் ஊகிக்கக்கூடாது. வாய்க்காலில் நீர் வரவில்லை என்றால் குளக்கட்டிலிருந்து நடந்து வருவதைப் போல, மூலத்திலிருந்து ஒவ்வொரு படியாக வரவேண்டும். நமது அமைப்பில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன: முன்விளக்கும் எல்ஈடியும்.

முன்விளக்கு எரியவில்லையா? டைனமோ ரயரைத் தொடுகிறதா, சட்டத்தில் கட்டிய கம்பி இறுகியிருக்கிறதா, குமிழ் நல்லதா என்று பாருங்கள்.

முன்விளக்கு எரிகிறது, பாலத்தைத் தொடுத்ததும் மங்குகிறதா? எங்கோ குறுக்குச்சுற்று. ஒரு டயோட் திரும்பியிருக்கலாம், அல்லது மறைக் கம்பி சைக்கிள் சட்டத்திற் படலாம்.

விளக்கு நன்றாக எரிகிறது, எல்ஈடி எரியவில்லையா? எல்ஈடியின் கால் மாறியதா, ஒழுங்காக்கியின் கால் மாறியதா என்று பாருங்கள். ஒழுங்காக்கி கைவைக்க முடியாதபடி சுடுகிறதென்றால் உடனே நிறுத்துங்கள்; அதன் வெளிவழியில் குறுக்குச்சுற்று இருக்கிறது.

இரண்டும் எரிகின்றன, வானொலி பாடவில்லையா? வானொலிக்குப் போகும் கம்பியிலோ, நேர் மறை மாறியதிலோ, வானொலியிலோதான் பழுது.

வானொலி பாடுகிறது, ஆனால் ஓயாமல் உறுமுகிறதா? கொண்டென்சரின் கால் விட்டிருக்கும், அல்லது அது பழையதாகி வற்றிவிட்டது.

பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய டயோட் நல்லதா என்று அறிய பல்மானி தேவையில்லை. இரண்டு பற்றறியையும் ஒரு ரோச் குமிழையும் டயோட்டையும் ஒரே சுற்றில் தொடுங்கள். ஒரு பக்கமாகப் போட்டால் குமிழ் எரிந்து, மறுபக்கமாகப் போட்டால் எரியாதிருந்தால் நல்லது. இரு பக்கமும் எரிந்தாலும், இரு பக்கமும் எரியாவிட்டாலும் எறிந்துவிடுங்கள்.

முறுக்கிய சந்திகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதே நிலையானது. பற்றாசுக்கோல் இல்லாதவர்கள் தடித்த செப்புக் கம்பியின் நுனியைக் கரி நெருப்பிற் சூடாக்கியும் பற்றவைக்கலாம். புகையை முகராதீர்கள். வேலை முடிந்ததும் சாப்பிட முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

7. மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, டைனமோவிற் பழகிய துணிவோடு வீட்டு மின்சாரத்தில் கைவைக்காதீர்கள். டைனமோ 6 வோல்ற். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அது பிழையை மன்னிக்காது. சார்ஜர் ஒன்றைத் திறப்பதானால் சுவரிலிருந்து கழற்றியபின்னரே திறக்க வேண்டும். கழற்றியபின்னும் உள்ளேயுள்ள கொண்டென்சர் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டியில் மிஞ்சிய நீர் அது.

இரண்டாவது, யானைக்கும் பன்றிக்குமாக வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரே கொடுக்காதீர்கள். தகுந்த யானைவேலிக் கருவி மின்சாரத்தை மிகக் குறுகிய துடிப்புகளாக விட்டு விட்டுத் தருகிறது. ஆகவே விலங்கு அதிர்ந்து விலகிவிடும். நேரே கொடுத்த மின்சாரம் தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். அது முதலிற் பிடிப்பது விடியப்புறம் தண்ணீர் கட்டவரும் உங்கள் வீட்டாரையாக இருக்கலாம்.

மூன்றாவது, கம்பிக்காகவும் உலோகத்திற்காகவும் காணியிற் கிடக்கும் அறியாத பொருட்களைக் கழற்றாதீர்கள். போர் 2009 இல் முடிந்தது. நிலத்தில் விடப்பட்ட வெடிபொருட்கள் முற்றாக முடியவில்லை. கண்டால் தொடாமல் அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிக்கொடுங்கள். உறுப்புகள் வேண்டுமானால் பழைய வானொலி, பழைய சார்ஜர், பழைய தொலைக்காட்சித் தட்டுகள் போதும்.

8. இன்றைக்கு இது எதற்கு?

பற்றறித் தடை பின்னர் தளர்ந்தது. பிபிசி தமிழோசை வானொலி ஒலிபரப்பை 2017 ஏப்ரலுடன் நிறுத்திக்கொண்டது. 2008 இல் ஸ்கந்தபுரம் மறுபடியும் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் மீளக் குடியேறியது. இன்று கொட்டில்கள் இருந்த இடங்களில் கல்வீடுகளும் மின்கம்பங்களும் நிற்கின்றன. டைனமோவைச் சுற்றி என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம்.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது குடும்பங்கள் மீண்டும் பொதுமண்டபங்களிலும் பாடசாலைகளிலும் தங்க நேர்ந்தது. 2022 இல் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. கைத்தொலைபேசியின் பற்றறி இறங்கிவிட்டால், நாமும் அன்று வெயிலில் பற்றறி காயவைத்தவர்களும் ஒரே நிலையிற்றான் இருக்கிறோம். பண்பலை வானொலி ஒன்றும் இந்தச் சிறிய அமைப்பும் வீட்டில் இருந்தால், குளத்தின் வான் பாயும் செய்தி நமக்கும் எட்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கைத்தொலைபேசிச் சார்ஜரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? வீட்டு மின்சாரத்தைத் திருப்ப நான்கு டயோட், தேக்க ஒரு கொண்டென்சர், இறுதியில் 5 வோல்ற்றாக ஒழுங்காக்கும் ஒரு பகுதி. சூரியத் தகட்டில் ஒரு டயோட் இருப்பது ஏன்? இரவில் பற்றறியின் மின்சாரம் தகட்டுக்குள் திரும்பிப் போகாதிருக்க. உறுப்புகள் அதே உறுப்புகள். வேலையும் அதே வேலை.

சூரிய விளக்கு எரியவில்லை என்றதும் பலர் அதனை வளவு மூலையில் எறிந்துவிட்டுப் புதியதற்குக் கடன்படுகின்றனர். பலவேளை அங்கே விட்டிருப்பது ஓர் ஆளியின் கம்பி, அல்லது ஓய்ந்திருப்பது பற்றறி மாத்திரமே. மூலத்திலிருந்து படிப்படியாகத் தேடத் தெரிந்தவரின் வீட்டில் அந்தப் பணம் மிஞ்சும். பல தடவை வீட்டையும் தோட்டத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு எழும்பிய மக்கள் நாம். கையில் எடுத்துக்கொண்டு போக முடியாதவை பல. தெரிந்துகொண்ட வேலை மட்டும் எந்தச் சோதனைச்சாவடியிலும் இறக்கி வைக்கப்படவில்லை.

9. குழுவாகச் செய்து பார்க்க

மாதர் சங்கத்திலோ இளைஞர் மன்றத்திலோ ஐந்து பேர் கொண்ட குழுவாக இதனைச் செய்து பாருங்கள். பெண்பிள்ளைகளையும் கட்டாயம் சேருங்கள். நுண்ணிய சந்திகளைப் பற்றவைப்பதற்குப் பொறுமையுள்ள கை வேண்டும்.

அ. பழைய சார்ஜர் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றி, சிறிது நேரம் பொறுத்துத் திறவுங்கள். டயோட், கொண்டென்சர், தடையி என்பவற்றை இனங்கண்டு பெயரிடுங்கள்.

ஆ. மஞ்சள், ஊதா, சிவப்பு என்ற கோடுகளுள்ள தடையியின் அளவு என்ன?

இ. நமது 5 வோல்ற்றில், 2 வோல்ற் சிவப்பு எல்ஈடி ஒன்றை 0.01 அம்பியரில் எரிக்க எத்தனை ஓம் தடையி வேண்டும்?

ஈ. நான்கு டயோட்டுக்குப் பதிலாக ஒரு டயோட்டை மட்டும் போட்டால் வானொலி எப்படிப் பாடும்? ஏன்? செய்து பார்த்துக் கலந்துரையாடுங்கள்.

உ. உங்கள் வீட்டில் பழுதென்று ஒதுக்கிய பொருள் ஒன்றைக் குழுவிற்குக் கொண்டுவாருங்கள். மூலத்திலிருந்து தொடங்கி, பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

விடைகள்: (ஆ) 4700 ஓம். (இ) 3 ஐ 0.01 ஆல் வகுக்க 300 ஓம்; கடையில் 300 இல்லாவிட்டால் 330 ஐ வாங்குங்கள். (ஈ) பாதி ஓட்டம் வீணாகும். கொண்டென்சர் நிரம்புவதற்கிடையில் நீண்ட இடைவெளி விழுவதால் உறுமல் கூடும்.

பிழைத்துப்போனால் மனம் தளராதீர்கள். ஏன் பிழைத்தது என்று தெரிந்துகொண்டு மறுபடியும் கைவையுங்கள்.